தோள் வலியும் விரல் மரமரப்பும்: கத்தரி பிடிக்கும் கைக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: வயது 43. மண்டபம் ஊரில் சின்னதாகச் சலூன் வைத்திருக்கிறேன். 22 வருடமாக இதே தொழில். ஆறு மாதமாக வலது தோளில் வலி. அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. இரவில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், எழுந்து கையை உதறுகிறேன். சுளுக்கு எடுத்துப் பார்த்தாயிற்று. மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டால் ஒருநாள் தாங்குகிறது. "வலை இழுக்கிறவனுக்கு வர வேண்டிய வலி உனக்கு எப்படி வந்தது?" என்கிறார்கள் வீட்டில். தொழிலை விட வேண்டியிருக்குமா?

பதில்: விட வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் கேட்டது நல்ல கேள்வி. கத்தரிக்கு எடை ஒன்றுமில்லை, ஆனால் கைக்கு இருக்கிறது. 60 கிலோ ஆளின் ஒரு கை ஏறக்குறைய 3 கிலோ. வலை இழுப்பவர் இழுப்பார், விடுவார். தசைக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். நீங்கள் முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி அப்படியே வைத்துக்கொண்டு வெட்டுகிறீர்கள். தூக்கிய நிலையில் தோள் எலும்புக்கு அடியில் போகும் தசைநார் நசுங்குகிறது, இறுகிய தசைக்கு ரத்த ஓட்டமும் குறைகிறது. படுத்தால் வலிப்பது இதன் அடையாளம்.

கடலோர ஊர்ச் சலூன்களில் முடி வெட்டிக்கொள்ளும்போது நான் அடிக்கடி பார்ப்பது, பம்ப் வேலை செய்யாத நாற்காலி. உப்புக்காற்றில் துருப்பிடித்து ஏதோ ஓர் உயரத்தில் நின்றிருக்கும். நெட்டை ஆள் உட்கார்ந்தாலும் அதே உயரம்தான். குழந்தை வந்தால் கைப்பிடி மேல் பலகை போட்டு உட்கார வைப்பீர்கள். பலகை கொஞ்சம் உயர்ந்துவிட்டால் உங்கள் கை இன்னும் மேலே போகும். மாத்திரைக்குச் செலவழிக்கும் பணத்தில் முதலில் அந்தப் பம்பைச் சரிசெய்யுங்கள். உச்சந்தலை உங்கள் நெஞ்சளவுக்கு வரட்டும், முழங்கை தோளுக்குக் கீழேயே இருக்கட்டும். எட்டாத இடத்துக்குக் கையைத் தூக்காமல் வாடிக்கையாளரைத் தலையைச் சாய்க்கச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விரல் மரத்துப்போவது பெரும்பாலும் வேறு கதை. மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. அதில் ஒன்பது தசைநார்களும் ஒரு நரம்பும் போகின்றன. மணிக்கட்டை மடக்கியே வேலை செய்தால் அங்கே வீங்கி நரம்பு அழுந்தும். தூக்கத்தில் கை மடங்குவதால் இரவில் அதிகம். சுண்டு விரல் மரக்கவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை இரவில் மட்டும் ஆறு வாரம் கட்டிப் பாருங்கள். கத்தரியைச் சாணை பிடித்து, திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மொக்கைக் கத்தரி கட்டை விரலைத்தான் தின்னும்.

அப்புறம், சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரண்டுமே நரம்பு அழுந்துவதற்குத் துணைபோகும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவதும் அதிகம். இன்னொருவர் தூக்கிவிட்டாலும் கை ஏறவில்லை என்றால் அந்த இறுக்கமாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. செட் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

ஒரு மாதத்தில் தோள் வலி குறையாவிட்டாலும், பட்டை கட்டியும் மரமரப்பு தொடர்ந்தாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கத்தரி கை நழுவுகிறது, கட்டை விரல் அடிச்சதை வற்றுகிறது என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். கை வலியோடு நெஞ்சு கனத்து வியர்த்தால் தோள் என்று நினைத்து உட்கார்ந்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: முடி வெட்டி முடித்ததும் வாடிக்கையாளரின் கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுத்துவிடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகக்கூடும். உங்கள் மணிக்கட்டுக்கும் அது ஆகாது. அந்த இரண்டு நிமிடம் கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள்.