மாஸ்டர் செக்கப் எடுப்பதற்கு முன் ஓர் இஞ்ச் டேப் எடுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஒன்பது ஆகிவிடும். அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. லேசாகத் தொப்பை, அவ்வளவுதான். பேன்ட் சைஸ் 34. தெரிந்த லேப்பில் 80 டெஸ்ட் சேர்ந்த பேக்கேஜ் 3,500 ரூபாய் என்கிறார்கள், எடுக்கலாமா? பத்தாவது படிக்கும் மகள் நோய்களைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டாள், நாலுக்குத்தான் சரியாகப் பதில் சொன்னேன். மழைக்காலம் வேறு வருகிறது. நான் முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: பேக்கேஜ் இப்போதைக்கு வேண்டாம். முதலில் உங்களுக்கு எந்த நோய் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துவிடுவோம். அதற்குப் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். தையல்காரரிடம் இருக்கும் இஞ்ச் டேப் ஒன்று போதும்.

பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பை விழுந்தவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். அதனால் வயிறு எவ்வளவு பெருத்தாலும் சைஸ் பல வருடம் அதே 34-தான். சட்டையைக் கழற்றிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு, சென்டிமீட்டரில் பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கவனம் தேவை. வெள்ளைக்காரர்களுக்கு இந்த அளவு இன்னும் அதிகம். நமக்குச் சின்னத் தொப்பையிலேயே கல்லீரலைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. ஆள் ஒல்லியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அந்த அளவை வைத்து ஒரு கணக்குப் போடலாம். சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் இது. ஊசி, ரத்தம் எதுவும் வேண்டாம். வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்பளவு ஆண்களுக்கு 90-க்குக் கீழ் 0, 90 முதல் 99 வரை 10, நூறும் அதற்கு மேலும் 20 (பெண்களுக்கு இதே கணக்கை 80, 90 என்று வைத்துக்கொள்ளுங்கள்). உடற்பயிற்சியும் கடின வேலையும் இரண்டும் உண்டு என்றால் 0, ஏதாவது ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டுமே இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம்.

உங்கள் டேப் 90-க்கும் 100-க்கும் நடுவில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 20, இடுப்புக்கு 10, கல்லாவில் உட்கார்ந்திருப்பதற்கு 30, அம்மாவுக்காக 10. ஆக 70. இதற்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் அர்த்தம். எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த விஷயம் இன்னொன்று. மொத்த நூறில் வயதும் பெற்றோரும் சேர்ந்து ஐம்பது, அதை மாற்ற முடியாது. மீதி ஐம்பது இடுப்பும் உழைப்பும், அது முழுக்க உங்கள் கையில். தினமும் நடக்க ஆரம்பித்து, இடுப்பை 90-க்குக் கீழே கொண்டுவந்தால் உங்கள் 70 இதே வயதிலேயே 50 ஆகிவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வில், பெண்ணையாற்றைத் தாண்டினால் வரும் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரிந்தது. நாலு பேரில் ஒருவர். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம். நீங்கள் சரக்கு எடுக்கப் போய்வரும் ஊர், உங்கள் சாப்பாட்டுக்கும் அவர்கள் சாப்பாட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

சரி, எந்த டெஸ்ட்? வெறும் வயிற்றில் ஒரு ரத்தச் சர்க்கரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. முதலாவது 100-க்குள்ளும் இரண்டாவது 140-க்குள்ளும் இருந்தால் நல்லது. முதலாவது 126-ஐயோ இரண்டாவது 200-ஐயோ எட்டினால் சர்க்கரை நோய், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். நடுவில் இருந்தால் அது எல்லைக்கோடு, திரும்பி வர நல்ல வாய்ப்புள்ள கட்டம். இதோடு கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், ஓர் இசிஜி. அப்புறம் பிபி. அதற்கு முந்தைய அரை மணி நேரம் டீயோ சிகரெட்டோ வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல், இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். 140/90-ஐத் தொட்டால் வேறு ஒரு நாளும் பார்க்க வேண்டும். தலைசுற்றல் இல்லை, அதனால் பிபி இல்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது எந்த அடையாளமும் காட்டாது.

80 டெஸ்ட் எடுத்தால் என்ன தப்பு என்று கேட்பீர்கள். பெரும்பாலான டெஸ்ட்டுகளில், நல்ல ஆரோக்கியமாக உள்ள நூறு பேரில் 95 பேர் எந்த அளவுக்குள் வருகிறார்களோ அதைத்தான் இயல்பு என்று அச்சடிக்கிறார்கள். மீதி ஐந்து பேருக்கு நோயே இல்லாமல் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து விழும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், ஆரோக்கியமானவருக்கே ஏதாவது ஒன்று தவறாக வர ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு. எண்பது என்றால் தப்பிப்பதே கஷ்டம். அதிலும் புற்றுநோய் மார்க்கர் என்று, ரத்தத்தில் புற்றுநோயின் அடையாளத்தைத் தேடும் டெஸ்ட் சிலவற்றைச் சேர்த்துவிடுகிறார்கள். அறிகுறி இல்லாதவருக்கு அவற்றில் பெரும்பாலானவற்றால் பயன் இல்லை, ஸ்கேன் மேல் ஸ்கேனாக அலைவதும் தூக்கம் போவதும்தான் மிச்சம்.

அப்பா விஷயத்துக்கு வருவோம். அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவத்தில் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வோம். உங்கள் அப்பா 54. டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இதுதான். உங்கள் அண்ணன் தம்பிகளுக்கும் இது பொருந்தும். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் நிறுத்த வேண்டியது அது.

மகள் கேட்ட பத்தில் நாலு வாங்கியதற்கு வருத்தப்படாதீர்கள். நோயின் பெயரும் கிருமியின் பெயரும் தெரியாததால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. தப்பாகத் தெரிந்த ஒன்றிரண்டு விஷயங்களால்தான் உயிர் போகிறது. அதில் முதலாவது 'வாயு'. நடுநெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே குப்பென்று வியர்வை. இதற்குச் சோடா குடிப்பதும் பெருங்காயம் கரைத்துக் குடிப்பதும் நம் பக்கம் இன்னும் நடக்கிறது. அடைப்பு நீங்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுவாங்கலும் சோர்வுமாக மட்டும் வரலாம். உடனே 108. வாயுவா இல்லையா என்பதை ஆஸ்பத்திரியில் இசிஜி பார்த்து முடிவு செய்யட்டும். நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

இரண்டாவது, 'காய்ச்சல் விட்டுவிட்டது, இனி பயமில்லை'. டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. விடாத வயிற்றுவலி, அடிக்கடி வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து படுத்தே கிடப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றே சேர்க்க வேண்டும். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது.

கடலூரில் வெள்ளம் புதிதில்லை, 2015 உங்களுக்கே நினைவிருக்கும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் வெட்டுக்காயத்தோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவப்பு, அப்புறம் மஞ்சள் காமாலை. கடைக்குள் தண்ணீர் புகுந்தால் வெறுங்காலோடு இறங்காதீர்கள். இன்னொன்று ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்குப் போய்வருபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும். காய்ச்சலோடு அதைப் பார்த்தால் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். கேட்காமல் நாமாகச் சொல்ல மாட்டோம், அந்த இடம் அப்படி. இந்த இரண்டு காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை நன்றாகக் கேட்கும், நேரத்தில் தொடங்கினால். நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

30 வயது தாண்டிய எல்லோருக்கும் பிபி, சர்க்கரை பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையும் உங்களுக்குப் பக்கம்தான்.

உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவருக்கும் 30 தாண்டியிருக்கும். பிபி, சர்க்கரையோடு கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனையும் அவருக்கு வேண்டும். சில நிமிட வேலை, இவையும் அரசு மருத்துவமனையில் இலவசம். வலி, ரத்தப்போக்கு எதுவும் இல்லாதபோதே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. அவரையும் அழைத்துக்கொண்டு காலை ஏழரைக்கே, டீகூடக் குடிக்காமல் போய்விடுங்கள். இரண்டாவது ரத்தம் எடுத்து முடியப் பத்தரை ஆகும். அன்று ஒரு நாள் கடையைத் தாமதமாகத் திறந்தால் போதும்.