பப் உள்ள தெருவில் குடிபோகலாமா?

கேள்வி: லண்டன் டூட்டிங்கில் வீடு பார்க்கிறோம். மகளுக்கு 3 வயது. தெருமுனையில் பப் இருக்கிறதே, சரிப்படுமா?

பதில்: தாராளமாகப் போங்கள். என் பிள்ளைகள் வளர்ந்த இடம் அது. பப் என்றதும் நம்மூர் மதுக்கடையை நினைக்காதீர்கள். ஞாயிறு மதியம் தாத்தா பாட்டியோடு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும். வெள்ளி இரவில்தான் சத்தம். படுக்கையறை பின்பக்கம் உள்ள வீடாகப் பாருங்கள்.

எனக்குக் கவலை பள்ளி விஷயத்தில்தான். பல அரசுப் பள்ளிகளில் போட்டி அதிகமானால் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்துதான் இடம் தருவார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, போன வருடம் எவ்வளவு தூரம் வரை இடம் கிடைத்தது என்று கவுன்சிலில், அதாவது அந்தப் பகுதி உள்ளாட்சி அலுவலகத்தில், கேட்டுவிடுங்கள். அப்புறம், ரிசப்ஷன் வகுப்புக்கு, அதாவது தொடக்கப் பள்ளியின் முதல் வருடத்துக்கு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.