இங்கிலாந்தில் மாட்டுக் கொட்டகை கட்டுவதற்கு முன்பும் அகழாய்வு செய்கிறார்களாமே, ஏன்? ரோமானியர் காலத்துப் பொருள் எதுவும் உண்மையில் கிடைக்கிறதா?

கிடைக்கிறது, நிறையவே கிடைக்கிறது. ஆனால் மொசைக் தளம், தங்கக் காசு என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அங்கே தொல்லியல் பணிகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் ஒரு நிறுவனத்தில் சில காலம் களப்பணியாளராக இருந்தேன். நான் தோண்டியதில் முக்கால்வாசி பள்ளங்கள்தான். வயலைச் சுற்றி, மாட்டுப் பட்டியைச் சுற்றி, வண்டிப்பாதையின் இரு பக்கமும் யாரோ வெட்டி, பிறகு தூர்ந்துபோன பள்ளங்கள்.

முதலில் 'ஏன்' என்பதற்கு வருகிறேன். 1990இல் அரசு பிபிஜி 16 என்ற திட்டமிடல் வழிகாட்டுதலை வெளியிட்டது. கட்டுமானத்துக்கு விண்ணப்பிப்பவர் அந்த நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏதாவது அழியப் போகிறதென்றால் அதைத் தோண்டிப் பதிவு செய்யும் செலவும் அவருடையது. அந்த ஆவணத்துக்குப் பதில் பின்னர் வேறு ஆவணம் வந்துவிட்டது, கொள்கை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அடுக்குமாடி கட்டுபவருக்கும் பெரிய கோழிப்பண்ணை போடுபவருக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. சின்னக் கொட்டகைகள் பெரும்பாலும் மாட்டாமல் தப்பிவிடும். தானியக் கிடங்கு, பாசனக் குளம் போன்ற பெரிய வேலைகள்தான் சிக்கும்.

நடைமுறை இதுதான். கவுன்சிலுக்குத் தொல்லியல் ஆலோசனை சொல்பவர் அந்த வட்டாரத்தின் தொல்லியல் பதிவேட்டைப் பார்ப்பார். பழைய வான்படத்தில் பயிர் ஓரிடத்தில் மட்டும் கோடு போட்ட மாதிரிப் பச்சையாக இருந்தால், கீழே பள்ளம் இருக்கலாம் என்று சந்தேகப்படுவார். அடுத்து, மண்ணின் காந்தத்தன்மை எங்கே மாறுகிறது என்று காட்டும் காந்த அளவி வைத்து நிலத்தை அளப்பார்கள். அப்புறம் சோதனைக் குழிகள், பெரும்பாலும் மொத்தப் பரப்பில் 2 முதல் 5 சதவீதம். பல் இல்லாத வாளி மாட்டிய பொக்லைன் உழவு மண்ணை மெல்ல வழித்தெடுக்கும். நாங்கள் பின்னாலேயே நடந்து மண்ணின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே போவோம். மஞ்சள் களிமண்ணில் சாம்பல் நிறப் பட்டை தெரிந்தால் அன்றைக்கு வேலை உண்டு. ஒன்றும் தெரியாவிட்டால் விவசாயிக்குத்தான் கொண்டாட்டம்.

எனக்கு மிகவும் பிடித்தது தானியம் உலர்த்தும் அடுப்புகள். தரையைத் தோண்டிக் கல் பதித்து, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் புகைவழி அமைத்திருப்பார்கள். ஒரு முனையில் தீ மூட்டினால் சூடு மேல்தளத்தில் பரப்பியிருக்கும் தானியத்துக்குப் போகும். தென் இங்கிலாந்தில் கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுப் பண்ணைகளில் இவை சர்வசாதாரணம். இந்த அடுப்பின் சாம்பலை வாளி வாளியாக அள்ளித் தொட்டித் தண்ணீரில் கரைத்தால், கருகிய தானியம் மேலே மிதந்து வரும். அதை நுண்ணிய சல்லடையில் பிடித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஸ்பெல்ட் என்ற உமி பிரியாத கோதுமை. சில அடுப்புகளில் தானியம் முளைவிட்டுக் கருகியிருக்கும். மழையில் நனைந்து முளைத்தது என்றால் முளைகளின் நீளம் தாறுமாறாக இருக்கும். முளை எல்லாம் ஒரே அளவில் இருந்தால் வேண்டுமென்றே முளைகட்டியது, அதாவது பீருக்கு. பேரரசர் யார் என்பதைக் காசு சொல்லும். அந்தப் பண்ணையில் என்ன குடித்தார்கள் என்பதை இந்தக் கரிதான் சொல்லும்.

மற்றபடி கிடைப்பவை பானை ஓடுகள், இரும்பு ஆணி, மாட்டெலும்பு, ஜெர்மனியின் மாயென் பகுதி எரிமலைக் கல்லில் செய்த திருகைத் துண்டு. தென் இங்கிலாந்தின் டோர்செட்டில் கையால் வனைந்த கறுப்புச் சமையல் பானைகள், வடக்கே ரோமானியர் எல்லையில் கட்டிய ஹேட்ரியன் சுவர் வரை போயிருக்கின்றன. கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டிலிருந்து வந்த பளபளப்பான சிவப்புக் கிண்ணம் உடைந்தால் துளை போட்டு ஈயக் கம்பியால் தைத்து வைத்துக்கொண்டதும் உண்டு. அந்த வீட்டில் அது எவ்வளவு அருமையான பொருளாக இருந்திருக்கும், பாருங்கள். மிளகு மட்டும் என் கைக்கு வந்ததே இல்லை. 1992இல் சஃபோக்கில் ஹாக்ஸன் கிராமத்து வயலில், தொலைந்துபோன சுத்தியலைத் தேடப்போய்க் கிடைத்த பெரும் புதையலில் வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து மிளகு அங்கே பெருஞ்செல்வர் மேசைக்கும் போயிருக்கிறது.

இந்தப் பள்ளங்களுக்காக இத்தனை செலவா என்று விவசாயிகள் கேட்பார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தொல்லியலாளர்களைத் தேட விட்டால் அவர்கள் மாளிகையைத்தான் தேடிப் போவார்கள். இரண்டு நூற்றாண்டு அப்படித்தான் நடந்தது. கொட்டகை எங்கே வருகிறதோ அங்கே தோண்டு என்ற கட்டாயம் வந்த பிறகுதான் சாதாரணக் குடியானவர்களின் பண்ணைகள் கணக்கில் வந்தன. ரெடிங் பல்கலைக்கழகத்தினரும் காட்ஸ்வோல்ட் தொல்லியல் நிறுவனத்தினரும் இந்தச் சின்னச் சின்ன அறிக்கைகளைத் திரட்டி, சுமார் 2,500 இடங்களை ஒப்பிட்டு, 2016 முதல் 2018 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார்கள். மாளிகைகள் அதில் சிறுபான்மை. ரோமானியர் வந்து பல தலைமுறை கழித்தும் எத்தனையோ குடும்பங்கள் பழைய வட்ட வடிவ மர வீட்டிலேயே வாழ்ந்திருக்கின்றன.

எனக்கு உறுத்துவது வேறு. கட்டடத்துக்கு இத்தனை விதி. உழவுக்கோ திட்டமிடல் அனுமதியே தேவையில்லை. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில்கூட, ஏற்கனவே உழுதுவந்த நிலமானால் அதே ஆழத்துக்குத் தொடர்ந்து உழலாம். கொட்டகை ஒருமுறை அழிக்கும், அதற்கு முன் பதிவாவது நடக்கும். கலப்பை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போகும், யாரும் எதையும் எழுதிவைப்பதில்லை.

கிடைத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்றும் அடுத்துக் கேட்பீர்கள். நிலத்துக்காரருக்குத்தான். பெரும்பாலானவர்கள் அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். உடைந்த பானை ஓட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தங்கம், வெள்ளிப் புதையல் போன்றவை என்றால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கொரோனர் என்ற விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். மனித எலும்பு வந்தால் நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் எடுக்கக் கூடாது.