எண்ணூர் சாலைப் பள்ளத்தில் விரிந்த ஏர்பேக்: தயாரிப்புக் குறை என்று காட்டுவது எப்படி?

ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டை, அதாவது பையை எப்போது விரிப்பது என்று முடிவெடுக்கும் மின்னணுப் பெட்டியை, கழற்றவோ மாற்றவோ விடாதீர்கள். பை விரிந்த நொடியின் பதிவு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அந்தப் பதிவின் நகலை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலில்.

பள்ளத்தில் இறங்கியதும் பக்கவாட்டுப் பை விரிந்தது, சர்வீஸ் சென்டரோ "கீழே அடி" என்கிறது என்றீர்கள். அது வெறும் சாக்காக இருக்க வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரிகள் ஓடி உருக்குலைந்த சாலையில் அடித்தளத்தில் பலத்த அடி விழுந்தால் சென்சார் அதை மோதலாக எடுத்துக்கொள்ளலாம்.

லிஃப்டில் ஏற்றி அடித்தளம் முழுக்கப் படமெடுங்கள். நசுங்கலோ உராய்வோ இல்லையென்றால் உங்கள் பக்கம் வலுக்கிறது. அப்புறம், சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு ரீகால் (குறையுள்ள வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) உண்டா என்று பாருங்கள்.

நிறுவனம் மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதை மனுவிலேயே கேளுங்கள். மனு கொடுக்கக் கெடு 2 ஆண்டு.

ஒன்று: வெளிக் கடையில் ஹார்ன், சீட் கவர், வயரிங் ஏதாவது மாற்றியிருந்தால் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். பில்லை எடுத்து வையுங்கள். சரிசெய்யும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம், மோதலில் சீட் பெல்ட்டை இறுக்கும் கருவியும் (பிரீடென்ஷனர்) வெடித்திருக்கலாம்.