பாதாம் போட்ட சிக்கன் டெண்டர் மேலே கருகி, அடியில் சொதசொதப்பது ஏன்?

கேள்வி: வீட்டில் எல்லோரும் அரிசி, கோதுமையைக் குறைத்திருக்கிறோம். பையன் மட்டும் கடையில் விற்கிற சிக்கன் டெண்டர் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். ராத்திரி ஊறவைத்த பாதாமைத் தோலுரித்து அரைத்து, முட்டையில் முக்கிய சிக்கன் மேல் ஒட்டி, ஓடிஜி அவனில் 230 டிகிரியில் வைத்தேன். மேலே கருகிவிட்டது, அடியில் சொதசொதவென்று இருந்தது. பாதாம் விற்கிற விலைக்கு மனசே ஆறவில்லை. பிரெட் தூள் இல்லாமல் மொறுமொறுப்பு வராதா? பொரிப்பதைவிட இது நிஜமாகவே லேசானதா?

பதில்: வரும். உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: ஊறவைத்த பாதாம். அப்படியே சாப்பிடுவதற்கு ஊறவைப்பது நல்ல பழக்கம்தான். மேல்பூச்சுக்கு அது ஆகவே ஆகாது. இரவு முழுக்கத் தண்ணீர் குடித்த பருப்பை அரைத்தால் கிடைப்பது ஈரத் துருவல். அவனின் சூடு முழுக்க அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிரெட் தூள் என்பது ஏற்கெனவே வெந்து காய்ந்த மாவுச்சத்து. சிக்கனிலிருந்து கசியும் நீரை உறிஞ்சிக்கொண்டு, சூட்டில் மறுபடி காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும். பாதாமில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, மாவுச்சத்து மிகக் குறைவு. அதனால் நீரை வாங்கிக்கொள்ளும் வேலையை அது செய்யாது. 230 டிகிரியில் மேல் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் உள்ளே வேகும் முன்பே கருகிவிடும். ஆக, ஈரத்தை வாங்க வேறொன்று வேண்டும், சூட்டையும் குறைக்க வேண்டும்.

அந்த வேறொன்று எது? கார்ன்ஃபிளவர் மக்காச்சோளம், அதுவும் தானியம். ஓட்ஸும் கார்ன்ஃபிளேக்ஸும் அப்படியே. மரவள்ளிக்கிழங்கு மாவும், ஆரோரூட் என்று கடைகளில் விற்கும் கூவைக்கிழங்கு மாவும் கிழங்கிலிருந்து வருபவை, தாராளமாகப் பயன்படுத்தலாம். பொட்டுக்கடலை? இங்கேதான் நம் மொழி கொஞ்சம் குழப்பும். நவதானியத்தில் கொண்டைக்கடலையும் உளுந்தும் எள்ளும்கூட உண்டு. ஆனால் ‘தானியம் இல்லாத’ என்று இப்போது பேசும்போது நெல், கோதுமை, சோளம், கம்பு, ராகி போன்ற புல்லினத் தானியங்களைத்தான் சொல்கிறார்கள். பருப்பு வகை அதில் சேராது. பேலியோ என்ற ஆதிமனித உணவுமுறையில் இருப்பவர்கள் மட்டும் பருப்பையும் தவிர்ப்பார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் பொட்டுக்கடலையைச் சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே வறுபட்டது, மாவுச்சத்து உள்ளது, விலையும் பாதாமோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இனி கறி. டெண்டர் என்பது நெஞ்சுக்கறிக்கு அடியில், எலும்பை ஒட்டி இருக்கும் நீளத் துண்டு. ஒரு கோழிக்கு இரண்டுதான். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு உணவகம், 1974-இல் இதைப் பொரித்து விற்கத் தொடங்கியது நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிறது. நம் கறிக்கடையில் தனியாகக் கேட்டால் கிடைப்பது அரிது. அரைக் கிலோ போன்லெஸ் நெஞ்சுக்கறி வாங்கி, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, விரல் தடிமனில் நறுக்குங்கள். எல்லாத் துண்டும் ஒரே தடிமனில் இருப்பது முக்கியம். உள்ளே வெள்ளையாக நரம்பு தெரிந்தால் கத்தி முனையால் இழுத்து எடுத்துவிடுங்கள்.

ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மிளகுத்தூள், காஷ்மீரி மிளகாய்த்தூள், நசுக்கிய பூண்டு சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். தயிர் வேண்டாம், அது இன்னும் ஈரம். ஃபிரீசரில் இருந்த கறி என்றால் முழுக்க உருகிய பிறகு, வடிந்த நீரைக் கொட்டிவிட்டு மசாலா சேருங்கள். வெளியே எடுத்ததும் டிஷ்யூ தாளால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். மசாலா போய்விடுமே என்று தயங்க வேண்டாம், உப்பு அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும்.

மேல்பூச்சுக்கு 60 கிராம் பாதாம், ஊறவைக்காமல், தோலோடு. மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, ரவை போலக் கொரகொரப்பாக நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓட்டி, கடைசியில் எண்ணெய் பிரிந்த விழுதைச் சப்பாத்தியில் தடவிச் சாப்பிட்டேன். பொட்டுக்கடலை 40 கிராம், அதையும் கொரகொரப்பாக. ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை எள். மூன்றையும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, குறைந்த தீயில் வாசனை வரும்வரை மட்டும் வறுங்கள். நிறம் மாறக் கூடாது, மீதி வேலை அவனில் நடக்கும். ஆறியதும் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறித்துண்டுகளின் மேல் இரண்டு டேபிள்ஸ்பூன் மரவள்ளி மாவைத் தூவிப் புரட்டுங்கள். அப்புறம் நுரைக்க அடித்த ஒரு முட்டை வெள்ளைக்கருவில் முக்கி, சொட்டவிட்டு, தூளில் அழுத்தி ஒட்டுங்கள். மஞ்சள்கரு சேர்த்தால் தவறில்லை, பூச்சு கொஞ்சம் கனமாகும், அவ்வளவுதான்.

அவனை 200 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். டிரேயையும் உள்ளேயே வைத்துச் சூடாக்குங்கள். துண்டுகளை எண்ணெய் தடவிய கம்பி வலையில் இடைவெளி விட்டு அடுக்கி, அந்த டிரே மேல் நடுத்தட்டில் வையுங்கள். உங்களுக்கு அடிப்பக்கம் சொதசொதத்ததில் வலை இல்லாததற்கும் பங்கு இருக்கலாம். வெறும் டிரேயில் வைத்தால் கறியிலிருந்து வடியும் நீரிலேயே அடிப்பாகம் வெந்துகொண்டிருக்கும். வலை இருந்தால் திருப்பிப் போடக்கூட வேண்டாம். 15 நிமிடத்தில் ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள், நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 74 டிகிரி காட்ட வேண்டும். ஏர் ஃபிரையர் என்றால் 190 டிகிரி, 10 முதல் 12 நிமிடம், ஒரே அடுக்காக. மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் இல்லாவிட்டால் முயற்சியே வேண்டாம்.

லேசானதா என்ற கேள்விக்கு வருகிறேன். பாதாம் லேசான பொருள் இல்லை. 100 கிராம் பிரெட் தூளில் சுமார் 400 கலோரி என்றால் பாதாமில் ஏறக்குறைய 580. நமக்கு மிச்சமாவது பொரிக்கும்போது மேல்பூச்சு குடிக்கும் எண்ணெய்தான். இந்த அளவில் எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 1,300 கலோரி வரும். நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 325 போல. அதில் பெரும்பகுதி புரதமும் கொழுப்பும், மாவுச்சத்து குறைவு. சர்க்கரையைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் பாதாம்தானே என்று பூச்சைத் தடிமனாக்கினால் கணக்கு பொரித்ததற்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

யாருக்காவது கோதுமை ஒவ்வாமையே இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். கட்டிப் பெருங்காயத்திலும் கூட்டுப் பெருங்காயத் தூளிலும் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். பெரும்பாலான சோயா சாஸில் கோதுமை உண்டு. கோதுமை மட்டுமல்ல, எந்தத் தானியமும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொன்று: பாக்கெட் சிக்கன் 65 மசாலா பலவற்றில் கார்ன்ஃபிளவரோ அரிசி மாவோ சேர்ந்திருக்கும், பின்பக்கத்தில் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மிஞ்சினால் மறுநாள் அதே வலையில் 180 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். பையன் டிபன் பாக்ஸுக்கு என்றால் நன்றாக ஆறவிட்டு மூடுங்கள், சூடாக மூடினால் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் மறுபடி சொதசொத.