பசிபிக் கடல்ல இருக்குற துவாலு மாதிரி குட்டித் தீவு நாட்டுல பஸ், பேங்க், தண்ணி எல்லாம் எப்படி? போய் ஒரு வருஷம் இருக்க முடியுமா?

தாராளமா இருக்கலாம். 2023-ல கடலோரக் கட்டுமான வேலைக்காக அங்க தலைநகர் ஃபுனாஃபுட்டில எட்டு மாசம் இருந்தேன், அதை வச்சு சொல்றேன். தலைநகர்னதும் பெரிய ஊரா நினைச்சுக்காதீங்க, ஃபோங்காஃபாலேன்னு நீளமா ஒரு தீவு, சுமார் 12 கிலோமீட்டர், சில இடத்துல ரோட்டுக்கு இந்தப் பக்கமும் கடல் அந்தப் பக்கமும் கடல்.

பஸ்ஸை நம்பி பிளான் போடாதீங்க, போன அன்னிக்கே ஒரு பைக் வாடகைக்கு எடுத்துருங்க. அங்க எல்லாமே பைக்லதான், அப்பா ஓட்ட நடுவுல புள்ள, பின்னால அம்மா, அம்மா மடில அரிசி மூட்டை.

ஊருக்கு நடுவுலயே ரன்வே, உலகப்போர் சமயத்துல அமெரிக்கக்காரங்க போட்டது. ஃபிஜில இருந்து வாரத்துக்கு சில ஃபிளைட்தான், அது வர்றப்ப சைரன் அடிச்சதும் எல்லாரும் ஒதுங்கிருவாங்க, மத்த நேரம் வாலிபால், ஃபுட்பால், நடைப்பயிற்சி எல்லாம் அதுலதான். வெக்கை தாங்காத ராத்திரில பாயோட வந்து படுத்துருவாங்க, நானும் படுத்திருக்கேன், முதுகுக்குக் கீழ தார் இன்னும் வெதுவெதுன்னு இருக்கும், மேல கடல் காத்து, அப்படி ஒரு தூக்கம் எனக்கு எங்கயும் வந்ததில்ல.

ஆஸ்திரேலிய டாலர்தான் செல்லும். நான் இருந்தப்ப ஏடிஎம்மே கிடையாது, 2025 ஏப்ரல்லதான் முதல் ஏடிஎம் வந்துச்சு, ஆனாலும் கைல கேஷ் வச்சுக்கோங்க. ரெகுலரா சாப்பிடுற மாத்திரையும் மொத்தமா வாங்கிட்டுப் போங்க, ஊருக்கே ஒரே ஆஸ்பத்திரி, கொஞ்சம் சீரியஸ்னா ஃபிஜிக்குத்தான் அனுப்புவாங்க. கடைல காய்கறி எல்லாம் கப்பல் வந்தாதான், வந்த அன்னிக்கே வெங்காயம் உருளைக்கிழங்கு வாங்கிடணும், ரெண்டு நாள் கழிச்சுப் போனா இருக்காது.

தண்ணி விஷயத்துலதான் ரொம்ப கவனமா இருக்கணும். கிணத்துத் தண்ணி உப்பு, அதனால கூரைல விழுற மழையப் புடிச்சு டேங்க்ல சேத்து வச்சுதான் எல்லாமே. 2011 வறட்சில எமர்ஜென்சியே அறிவிச்சாங்க, அப்ப வீட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பக்கெட்தான் கிடைச்சதாம், பக்கத்து வீட்டம்மா இன்னும் அதைச் சொல்லிட்டே இருப்பாங்க. தினம் காலைல அவங்க டேங்கை மேல இருந்து கீழ வரைக்கும் விரல் முட்டியால தட்டிட்டே வருவாங்க, காலியா இருக்குற இடத்துல டங்குனு கேக்கும், சத்தம் அமுங்குற இடம்தான் தண்ணி மட்டம். அங்க சாக்பீஸால ஒரு கோடு போடுவாங்க. முந்தின கோட்டை விட ரொம்ப இறங்கியிருந்தா அன்னிக்கு அந்த வீட்டுல துணி துவைக்க மாட்டாங்க.