அன்றாடச் சண்டைகளில் கோபப்படாமல் இருப்பது எப்படி? அமைதியாகப் போனால் ஏமாளி என்று நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள். கொஞ்ச நாளைக்கு நினைத்துவிட்டுப் போகட்டும்.

நான் காரைக்குடிப் பக்கம், பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டில் குடியிருக்கிறேன். இங்கே கோபத்துக்கு என்ன விலை என்பது தெருவில் நடந்தாலே தெரியும். பங்குத் தகராறில் பேச்சு நின்றுபோன வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஓடு சரிந்து, மழை இறங்கி, கடைசியில் பர்மாத் தேக்குத் தூணும் கதவும் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேரும்.

கட்டியவர்கள் என்னவோ விவரமானவர்கள்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைத்து’ விடுவார்கள். கூரையும் வளவும் (உள்முற்றப் பகுதி) பொது. ஆனால் அவன் தனிப் புள்ளி, அதாவது கணக்கில் தனிக் குடும்பம்; தனி அறை, தனி அடுப்பு. குழம்பில் உப்பு குறைந்ததற்கு மாமியாரும் மருமகளும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை பாருங்கள். பொறுமையை உபதேசிப்பதைவிட, உரசுகிற இடத்தைப் பிரித்து வைப்பது சுலபம்.

போன ஐப்பசி மழையில் இரண்டாம் கட்டு ஒழுகியது. ஓடு மாற்றிய செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்து அனுப்பினேன். சென்னையில் இருக்கும் பெரியப்பா மகன் போனில் எகிறினார்: “நான் அங்கே இருக்கிறதே இல்லை, நான் எதுக்குக் கொடுக்கணும்?” மகள் கல்யாணத்துக்கு மட்டும் இந்த வீடு வேணுமாக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. “சரிண்ணே, பொங்கலுக்கு வாங்க, பார்த்துட்டுப் பேசுவோம்” என்று வைத்துவிட்டேன்.

ஆனால் கணக்கில் அவர் பேருக்கு நேரே ‘பாக்கி’ என்று எழுதி, பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கணக்கு மட்டும்தான், ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. குழுவில் பதிலுக்குப் பதில் எழுதவே எழுதாதீர்கள். இரண்டு பேர் பேசித் தீர்க்கிற விஷயம், இருபது பேர் பார்க்கும்போது மானப் பிரச்சினையாகிவிடும்.

பொங்கலுக்கு வந்தவரிடம் நோட்டையும் கொத்தனார் கொடுத்த சீட்டையும் வைத்துவிட்டு, உத்தரத்தில் நீர் இறங்கிய கறையைக் காட்டினேன். கூட வந்த அண்ணமிண்டிதான், அதாவது அவர் மனைவிதான், முதலில் “கொடுத்துருங்க” என்றார்கள். பாதி அன்றைக்கே வந்தது. மீதி இன்னும் பாக்கியில்தான் இருக்கிறது, கேட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

பொது இடத்தை வளைத்துச் சுவர் எழுப்புகிறவரிடமும் கை ஓங்குகிறவரிடமும் இதெல்லாம் செல்லாது. அங்கே நாள் கடத்தாமல் சர்வேயரையோ போலீசையோ கூப்பிடுங்கள். அதையும் கத்தாமல் செய்யலாம்.